இரண்டாவது தரம் கேட்ட செய்தி

கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதே காஸ் முடிந்துவிட்டது. அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தாமலே சட்டியைத் தூக்கி, சோறு வெந்து இறங்கிய விறகடுப்பில் வைத்தார். எனக்குப் பொறி தட்டியது. ஒன்று நின்றால் என் புரோகிராமும் இப்படித்தானே இன்னொன்றுக்கு மாற வேண்டும்!

அம்மா இணுவிலிலிருந்து அலுவலகங்களுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறார். "இண்டைக்குச் சாப்பாடு வேணுமோ?" என்று காலையில் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பி, பதில்களை எண்ணிச் சொல்வது நான் எழுதிய புரோகிராம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொழும்பில் ஒரு நிறுவனம். அந்த வாரம் அதன் சேவை அடிக்கடி படுத்தது, செய்திகள் போகவில்லை. இனியும் படுத்தால் பழையபடி தானே எல்லாருக்கும் போன் எடுக்கப்போவதாக அம்மா சொல்லிவிட்டார்.

பின்னேரமே இன்னொரு நிறுவனத்தில் கணக்குத் திறந்தேன். முதலாவது சில விநாடிகளுக்குள் பதில் தராவிட்டால், யாரையும் கேட்காமல் செய்தி இரண்டாவதால் போகும்.

மறுநாள் முதலாவது படுக்கவில்லை, பதில் தரச் சுணங்கியது மட்டும்தான். அது செத்துப்போனதென்று என் புரோகிராம் முடிவுகட்ட, ஒரே கேள்வி எல்லாருக்கும் இரண்டு தரம் போனது. ஒருவர் எத்தனை தரம் ஓம் போட்டாலும் ஒரு பார்சல்தான் எண்ணும் என்பதால் நான் பயப்படவில்லை. ஆனால் முதலில் வேண்டாம் என்றவர்களும் ஓம் என்று மாற்றத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் முதல் தரம் கேட்டவுடன் யார் ஓம் சொல்வது? இரண்டாவது செய்தியை அம்மாவின் உபசரிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து பாண் கட்டிக்கொண்டு போன வங்கி அண்ணை ஒருவர், "இவ்வளவு கேக்கிறியள், மாட்டனெண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒண்டு தாங்கோ அக்கா" என்று எழுதியிருந்தார்.

அம்மா திரும்பவும் உலை வைத்தார். நான் தேங்காய் துருவினேன். கடைசிப் பார்சலைக் கட்டியபடி அம்மா சொன்னார்.

"உந்தப் புரோகிராமைத் திருத்து. முழுக்கத் திருத்திப்போடாதை. வேண்டாமெண்ட ஆக்களை வேளைக்கே, உலை வைக்க முதலே, இன்னொருக்காக் கேக்கட்டும்."

"அப்ப, நீங்கள் இனிப் போன் எடுக்கமாட்டியளோ?"

"எடுக்கிறதெண்டால் உனக்கேன் சொல்லுறன்?"

சட்டி ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பில் இருக்காது என்பதை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது முதலாவதிடம் கொடுத்த செய்தியை மீளப் பெற்ற பிறகே இரண்டாவதிடம் கொடுக்கும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, கேட்கும் ஆட்களும் அதிகம். அன்று காலை, செய்தி இரண்டாவதால் ஒரே தரம் போகிறதா என்று முதலாவது நிறுவனத்தின் இணைப்பை நானே அறுத்துப் பார்க்கப்போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.