வெங்காயத்துக்கு ஒரு சாட்சி

நான் பொய் சொல்வதில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவள். அதனால் நம்புங்கள். இது சென்ற ஆண்டு ஜூன் மாதம், நான் குடியேறியிருக்கும் புக்கெகோஹி ஊரில், வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பட்டப்பகலில் நடந்தது.

ஏழாம் அறையில் குவிலிம் இருந்தார். வேல்ஸ்காரர், தொண்ணூற்றொரு வயது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஊரறிந்த புளுகுக் கதைக்காரராம். தேவாலயம் அளவு வெங்காயம் விளைவித்தாராம். அதை மரம் அறுக்கும் வாளால் அறுத்தபோது ஊரே அழுததாம். கண்ணீரில் ஆறு உப்பாகி, கடல் மீன்கள் வாசல்வரை வந்தனவாம். தினமும் 3.10க்கு, தேநீரோடு, இதைச் சொல்வார்.

முடிந்ததும், கேட்டவர் "உண்மைதான், நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். அது குடும்ப வழக்கம். சாட்சி இல்லாவிட்டால் கதை அதோடு செத்துவிடுமாம். அவர் மகனுக்கோ அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியில் தமிழில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இந்த எழுத்து… நீதான். நீ அங்கே இருந்தாய். சொல்."

"பொய் சொல்ல மாட்டேன், ஐயா."

அடுத்த வாரம் இறந்துபோனார். கடைசிவரை கேட்டபடியே.

"ஒரு பொய்தானே அக்கா, சொல்லியிருக்கலாம்," என்றான் கூட வேலை செய்யும் யசீகரன். "முருகன் என்ன, உங்கட விசாவை கான்சல் பண்ணிப்போடுவாரோ?"

மூன்றாம் நாள். அறை காலி. கட்டிலில் மெத்தைகூட இல்லை; அவருடைய நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது.

3.10. ஏழாம் அறையின் அழைப்பு மணி அடித்தது.

நான் உள்ளே போனேன். யசீகரன் பின்னால் ஓடிவந்து மணியின் பிளக்கைப் பிடுங்கினான். "இனி அடியாது."

டிங்… டிங்…

பிளக் அவன் கையில் இருந்தது.

"அக்கா, வெளியில வாங்கோ!"

ஓடிவிட்டான். நான் நின்றேன். ஒரு கிழவருக்கு ஒரு சொல் கொடுக்க மறுத்தவள் நான்.

கர்… கர்…

வாள் அறுக்கும் ஓசை.

வெங்காய நெடி. கண் எரிந்தது. வழிந்தது.

நாற்காலி என் பக்கம் திரும்பியது…

"வெருட்டாதேங்கோ ஐயா," என்றேன், தமிழிலேயே. "பயத்தில சொல்ல மாட்டன். உங்களுக்காகச் சொல்லுறன். முருகா, பாவமெண்டால் எனக்கு வரட்டும்."

கர்… கர்…

"உண்மைதான். நானும் அங்க இருந்தன்."

நின்றது.

3.17.

நிர்வாகி இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். பேசுகிறேன். வெங்காயக் கதையையும் தினமும் 3.10க்கு அங்கிருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஆகஸ்டில் குவிலிமின் பேத்தி வேல்ஸிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். அந்தப் புளுகுக் கொள்ளுப்பாட்டனாரின் நோட்டு. வெங்காயக் கதைக்குச் சாட்சி சொன்னவர்களின் கையெழுத்துகள். தேதி 1889.

'கடைசிக் கையெழுத்தை எங்கள் குடும்பத்தில் இதுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. தாத்தா சிறுவயதில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். இது எந்த மொழி?'

மங்கிய மை. என் கையெழுத்து…

ரதிதேவி.