இயந்திரத்துக்குப் புரியாத ‘லா’

“...வீட்டுல பேசுற மாதிரி பேசுன்னு சொன்னா, ஏன்க்கா நியூஸ் வாசிக்கிற?” என்று சித்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டு முன்னறையில் நடந்த கூத்து இது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அம்மாவின் தங்கையான சித்தி பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாம் பேசுவதைக் கேட்டுத் தானாக எழுதிக்கொள்ளக் கணினியைப் பழக்குவதுதான் அவர் வேலை. தமிழ்நாட்டுப் பேச்சு அதற்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. மலாய்ச் சொற்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘லா’வும் கலந்த நம்மூர்ப் பேச்சென்றால் முழித்தது. சந்தைக்குப் போவதை, “பாசார் போயிட்டு வரேன் லா” என்று சித்தி சொன்னதற்கு, “பாசம் போய் வரேன் நிலா” என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் தரையில் உருண்டு சிரித்தேன்.

நம்மூர்க்காரர்கள் பேசுவதை நிறையக் கேட்டால்தான் அதற்குப் புத்தி வருமாம். திங்கட்கிழமைக்குள் இயல்பான பேச்சைப் பதிவு செய்து காட்டாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சித்திக்கு இருந்தது அந்த வார இறுதி மட்டும்தான்.

சித்தி செய்த ஒரே தப்பு, முன்கூட்டியே உண்மையைச் சொன்னது. “இந்தக் குரலையெல்லாம் உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக் கேட்பாங்கக்கா” என்றார். அவ்வளவுதான். அம்மா உள்ளே போய் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குரலுக்குப் பவுடர் போட்ட மனுஷி உலகத்திலேயே என் அம்மா ஒருவராகத்தான் இருக்கும். மைக்கைக் கண்டதும், “வணக்கம். இன்று காலை நாங்கள் தோசை உண்டோம்” என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எதையும் உண்டதில்லை, சாப்பிட்டுத்தான் பழக்கம். நான் மட்டும் என்னவாம்? பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்ததைக் கையை ஆட்டி ஆட்டி முழங்கித் தள்ளினேன்.

சித்தி சோர்ந்துபோய், “டீயாவது குடிப்போம்” என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து, கிள்ளானில் லோரி ஓட்டும் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அவர் மெதுவாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“ஷா ஆலம்ல ஒரே ஜேம் லா!”

“பழைய ரோட்டுல வந்திருக்கலாம்லண்ணே?” என்றார் அம்மா.

“லோரி ஓட்டுறது நானா, நீயா?”

“ஓட்டுனா மட்டும் போதுமா? மண்டையும் வேணும் லா!”

தற்செயலாக மைக்கைப் பார்த்தேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தி நிறுத்த மறந்துவிட்டார்! சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பேசுங்கள், இன்னும் பேசுங்கள்!

“சின்ன வயசுல ஃபேக்டரி வேலைக்கு பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போனவ, உனக்கு எங்க ரோடு தெரியும்?” என்று மாமா சிரித்தார்.

“தூங்கிக்கிட்டா போனேன்? அழுதுக்கிட்டுப் போனேன் லா. என்னோட படிச்ச பிள்ளைங்கல்லாம் அதே ரோட்டுல யூனிஃபார்ம் போட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்னாங்க. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே போனேன். அந்த ரோடு எனக்கா தெரியாது?”

மாமா டீயைக் கலக்கினார். ஏற்கெனவே கலந்திருந்த டீ. அம்மா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, “எடுத்துக்குங்கண்ணே” என்றார். சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “சித்தி! லைட்டு எரியுது! எல்லாம் பதிவாயிருச்சு! அம்மா சூப்பரா லா சொன்னாங்க!” என்று குதித்தேன். ஆராய்ச்சி பிழைத்துவிட்டது, அதைக் கண்டுபிடித்ததும் நான்தான்! வீடே என்னோடு சேர்ந்து குதிக்கும் என்று பார்த்தால், ஒருவரும் அசையவில்லை.

அம்மா அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பரவால்ல, வச்சுக்க. உனக்கு வேணும்ல” என்றார் தங்கையிடம்.

சித்தி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அவர் விரல் போன இடத்தைப் பார்த்தேன். பாவம், அவசரத்தில் தெரியாமல் செய்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“சித்தி, சித்தி, அது டிலீட்!”

என் கையை மெல்ல விலக்கிவிட்டு, சித்தி அதை அமுக்கினார்.