உயிரோடு கோடி கட்டிய அம்மா

அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பசுமலைத் தெருக்காரர்களுக்கும் மகளின் வணக்கம். இந்த நினைவு மலருக்காக அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவை நினைத்தாலே அப்படித்தான் ஆகிறது. படிப்பவர்கள் மன்னிக்கவும், இல்லையென்றால் கூடவே சிரிக்கவும்.

பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், ஓர் அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்தவர் அம்மா. தாயார் சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன்தான் தலைவாரிவிட்டு வளர்த்தார். அப்பாவுக்கு மில்லில் வேலை. அம்மா கல்யாணமாகிப் பசுமலைக்கு வந்தார். மில் மூடிக் கிடந்த காலத்தில் வாசலில் அடுப்பு மூட்டி இட்லி சுட்டு விற்று எங்களைப் படிக்க வைத்தார். அந்தக் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால், "இட்லி வெந்துச்சு, நீங்க வளந்தீக. அம்புட்டுதான் கதை" என்று முடித்துவிடுவார்.

ஒரு கஷ்டத்தை மட்டும் அப்படி முடிக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சடங்கு வைத்த அன்று, தாய்மாமன் மாலை விழுவதற்கு முன்னால் யாரோ அவசரப்பட்டு அத்தை வீட்டு மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார்கள். சபையில் மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. சீர்த்தட்டை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, "இனி இந்த வீட்டு நல்லதுக்கு வந்தேன்னா கேளு!" என்று போனவர்தான். என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

"நல்லதுக்குத்தான வர மாட்டேன்னாரு. கெட்டதுக்கு வருவாருல்ல" என்பார் அம்மா. எங்கள் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவர வேண்டும். அந்தப் புதுச்சேலையோடுதான் அவளை எடுப்பார்கள். என்ன பகை இருந்தாலும் அண்ணன் அதற்கு வந்தே தீர வேண்டும்.

பிறகுதான் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அம்மா விடவில்லை, கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். "எங்கிட்டயே சொல்லுங்க சார். போகப்போறது நானுல்ல!" அவரும் சொன்னார், அதிக நாள் இல்லை என்று. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறேன். அம்மா என் தொடையில் தட்டினார். "சாவு எல்லாருக்குந்தான் வருது. எனக்கு மட்டும் ஆளனுப்பிச் சொல்லிட்டு வருது பாரு. எம்புட்டு மரியாத!" என்றவரின் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"நீ நாளைக்கே மாமன் வீட்டுக்குப் போ. எனக்கு எடுக்க வேண்டிய கோடிய இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லு. செத்த பெறகு எங்கண்ணன் வந்து நின்னா எனக்கென்ன தெரியப் போகுது? கண்ணு தெறந்திருக்கையிலயே பாத்துக்கிடுறேன். அரக்குக் கலரா எடுக்கச் சொல்லு."

போனேன். மாமா பருத்தி மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். கட்டியைச் சொன்னபோது தலை நிமிரவில்லை. கோடியைச் சொன்னதும் கோணி ஊசியை வீசி எறிந்தார். "உசுரோட இருக்கவளுக்குக் கோடி எடுக்கிறவன் மனுசனா? அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? போ, வர மாட்டேன்னு சொல்லு!"

வாடிப்போய்த் திரும்பினேன். அம்மாவோ துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "திட்டுனாரா? நல்லாத் திட்டுனாரா? அப்ப வந்துருவாரு!"

வரவில்லை. வாரங்கள் போயின. அம்மா மெலிந்தார். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் ஜன்னலை எட்டிப் பார்ப்பார். அவருக்குச் சாவைக் கண்டு பயமில்லை. அது அண்ணனை முந்திக்கொள்ளுமோ என்றுதான் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருமுனையில் மேளச்சத்தம். மாமா! தலையில் சீர்த்தட்டு, பின்னால் பாதி ஊர்! பிறந்த வீட்டுக் கூட்டத்தைக் கண்ட எதிர்வீட்டு அக்கா, "அய்யோ, போயிட்டீகளா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, "ஏ, இங்கனதான்டி இருக்கேன்! கூப்பாடு போடாத, எங்கண்ணன் வாரது தெரியல?" என்றார். தெருவே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை இறக்கினார். பச்சைச் சேலை.

"அரக்குல்ல கேட்டேன்?"

"கருத்த கழுதைக்குப் பச்சைதான் எடுப்பா இருக்கும்" என்றவர், அப்படியே அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாலைக்காக எத்தன வருசத்தத் தின்னுட்டேன் தாயி!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுகாதண்ணே. அது நான் போன பெறகு அழுக வேண்டியது. இப்பச் சாப்பிடு" என்றார் அம்மா. அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

சேலையை அப்போதே கட்டிக்கொண்டார். கோடியை உடுத்தினால் ஆகாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். "கட்டுற எனக்கே பயமில்ல, பாக்குற ஒங்களுக்கு என்ன?" என்று வாயை அடைத்தார். அதைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார். அண்ணனோடு அழகர்கோவிலுக்குப் போய்த் தோசை வாங்கிச் சாப்பிட்டார். டாக்டர் சொன்ன கெடுவையும் தாண்டி இருந்தார். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று படித்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். செத்த பிறகு வரப்போகும் பாசத்தை இருக்கும்போதே அதட்டி வாங்கியவர் என் அம்மா. எனக்கு அந்த அர்த்தம் போதும்.

ஒரு காலை, அப்பா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அம்மா கண்ணை மூடினார். மாமா வெறுங்கையோடு வந்தார். "கோடி எங்கப்பா?" என்று ஊர்ப்பெரியவர் கேட்டார்.

"அந்தப் பச்சைச் சேலைய எடுங்க."

"அது பழசுல்ல? கோடின்னா புதுசா இருக்கணும்யா."

"புதுசா வந்தன்னைக்கு வாங்கிக் கட்டிச் சிரிச்சாளே, அதப் பாத்தவன்யா நான். இனிமே புதுசு யாருக்கு?"

சாயம் போய் ஓரம் நைந்த அந்தச் சேலையோடுதான் அம்மாவை அனுப்பினோம்.

மருந்து கொடுத்த டாக்டருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், அப்பாவின் மில் நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்குச் சொன்னால் திட்டுவார்; சொல்லவில்லை.

சொந்தங்களே, யாருக்காவது கோடி எடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறதா? இந்த மலரை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே பஸ் ஏறுங்கள். கடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கலரை அவர்களே சொல்லட்டும்.