கம்பி போட்ட பொம்மை

ரிஷிவந்தியம் பக்கத்தில் கல்யாணப் பானைக்கும் கோயில் சுவருக்கும் வர்ணம் எழுத இன்று அம்சவள்ளியைத்தான் கூப்பிடுகிறார்கள். பத்தொன்பது வயதில் அவளைக் கூப்பிட ஆளில்லை. அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "கம்பிக்கால் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புக் கம்பியையும் தோல் பட்டைகளையும் மாட்டினால்தான் நிற்க முடியும். தினமும் காலையில் அவள் காலை நீட்டி உட்காருவாள். அம்மா காசியம்மாள் பட்டைகளை இழுத்து மாட்டிவிடுவாள். நடந்தால் கிரீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே சிலர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே அந்த முகங்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

காசியம்மாள் அய்யனாருக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். கை குணமாக வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் மண்ணால் கை செய்து கோயிலில் வைப்போம். பிள்ளை வேண்டுமென்றால் மண் பிள்ளை. மகளின் கால் சரியாக வேண்டும் என்று, இரண்டு காலும் நேராக நிற்கிற பெண் பொம்மை ஒன்றை மண் வேலை செய்யும் வேளாரிடம் சொல்லியிருந்தாள். பொம்மைக்கு இருப்பதைத்தான் சாமி ஆளுக்கும் கொடுக்கும் என்பது அவள் நம்பிக்கை.

எண்பத்தேழு செப்டம்பர். சூளையில் சுட்ட பொம்மையை வேளார் செல்லமுத்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "கள்ளக்குறிச்சில வர்ணம் வாங்கிக்கினு வந்து எழுதி, கண்ணத் தெறந்து வுடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். சின்னசேலத்துக்கும் பஸ் இல்லை, கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்லை. அம்சவள்ளியின் அப்பா நாராயணசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பொம்மை வர்ணமில்லாமல் நடுவீட்டில் நின்றது. அம்சவள்ளி அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் தன் பெயரில் வேறு யாரோ ஒருத்தி போய் நிற்கப் போகிறாள் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா வயலுக்குப் போனதும் சுண்ணாம்பைக் குழைத்தாள். கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க வருகிறவர் எப்போதோ கொடுத்த காவிக்கல்லை உரசினாள். சட்டைக்கு வெள்ளை, பாவாடைக்குக் காவி. பிறகு விளக்குக் கரியைக் கருவேலம்பிசினில் குழைத்து, வலது காலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். கம்பி வந்தது, முழங்கால் மூட்டு வந்தது, கணுக்கால் பட்டையும் வந்தது.

திரும்பி வந்த காசியம்மாள் கூடையைக் கீழே போட்டாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? சாமி உன்ன இப்டியே வுட்டுடும்டி. அழி அத."

"அழிக்க மாட்டேம்மா."

"உனக்கோசரம்தாண்டி வேண்டிக்கினேன்."

"எனக்கோசரம்னா என்னத்தான வெக்கணும்? அப்பா ரோட்ல குந்திக்கினு இன்னா கேக்கறாரு? நாங்களும் இருக்கோம், எங்களயும் கணக்குல எடுன்னுதான? நானும் அதான் கேக்கறேன்."

மறியல் முடியும்வரை அம்மா மகளிடம் வாயைத் திறக்கவில்லை. காலையில் பட்டை மாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. வழக்கத்தைவிட இறுக்கி மாட்டினாள்.

மரங்களை அப்புறப்படுத்திப் பஸ் ஓடத் தொடங்கியதும் வேளார் வர்ண டப்பாக்களோடு வந்தார். பொம்மையைப் பார்த்தவர் டப்பாவைத் திறக்கவில்லை. கருமணி எழுதிக் கண் திறப்பது வேளாரின் உரிமை. திறந்துவிட்டால் பிறகு அந்தப் பொம்மையில் யாரும் கை வைக்கக் கூடாது.

"வேண்டுதல் உங்களுதும்மா" என்றார் காசியம்மாளிடம். "அழிச்சிட்டு வேற எழுதணும்னாலும் சரி, இப்டியே கண்ணத் தெறக்கணும்னாலும் சரி. நீங்கதான் சொல்லணும்."

அம்சவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழிக்கச் சொன்னால் இந்த ஜென்மத்தில் அந்தக் கோயில் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

காசியம்மாள் பொம்மையைச் சுற்றி வந்தாள். பின்னால் குனிந்து அதன் வலது காலைத் தடவினாள்.

"கெண்டக்கால் பட்ட எங்கடி?"

அம்சவள்ளிக்கு உடனே புரியவில்லை. முன்னால் தெரிவதை மட்டுமே அவள் எழுதியிருந்தாள். பின்னால் கிடக்கும் அந்தப் பட்டை அவள் நினைவுக்கே வரவில்லை. தினமும் அதை இழுத்து மாட்டுவது அம்மாவின் கைதான்.

"ரெண்டு கொக்கி இருக்குமே" என்றபடி காசியம்மாள் கரி குழைத்த கொட்டாங்குச்சியை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காய்ந்திருந்த கரியில் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்தாள். பொம்மையின் கெண்டைக்காலில் பட்டையை இழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கொக்கியையும் போட்டாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப கண்ணத் தெறங்க வேளாரே. இது எம் பொண்ணுதான்."