மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால்

கால்பந்து ஆட்டம் இருக்கிற நாளில் பெரியம்மா காலையிலிருந்தே வாய் திறப்பதில்லை. எழுந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பாள். அண்ணாந்து, கண்ணை மூடி, உள்ளே உலை கொதிப்பது போல ஒரு சத்தம் வரும்வரை விடமாட்டாள். பிறகு பருத்தித் துண்டு ஒன்றைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள். அதற்கப்புறம் எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பை அணைக்க வேண்டும். விரலைச் சுழற்றினால் கதவைப் பூட்ட வேண்டும். புருவத்தை மட்டும் தூக்கினால், நாம் செய்த காரியம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரியப்பாவுக்கு அந்தக் காலைகள் கொண்டாட்டம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க அடக்கி வைத்த குறைகளையெல்லாம் அன்றைக்குத்தான் அவிழ்ப்பார்.

"உன் தம்பி வீட்டுக் கல்யாணத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்களா? சொல்லு பாப்போம்."

பெரியம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள்.

"பாத்தியாடா, பதில் இல்ல. நியாயம் என் பக்கம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கரண்டி எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்.

இப்படிச் சேர்த்து வைத்த குரல், மைதானத்தின் மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் செலவாகும். எங்கள் கேப்டன் டாஸ் ஜெயித்தால் வெளியூர் கோல்கீப்பரை முதல் பாதியில் அங்கேதான் நிறுத்துவான். காற்றும் வெயிலும் பார்த்து அல்ல, பெரியம்மாவை நம்பித்தான். அவளிடம் கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. எல்லாம் விசாரிப்புதான்.

"தம்பி, பந்து என்ன உன்கிட்ட கடன் கேட்டா வருது? ஏன் இப்படி ஒதுங்குற?"

"தம்பி, லேஸ் அவுந்திருக்கு!"

எத்தனை தடவை ஏமாந்தாலும் குனிந்து பார்க்காத கோல்கீப்பரை நான் கண்டதில்லை.

மற்ற நாட்களில் அவள் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுகிறவள். அங்கே அவள் குரல் வேறு. "மேல பாருங்க. அவ்வளவுதான். மூடிக்குங்க." பாதிப் பேர் அந்தக் குரலிலேயே பெஞ்சில் தூங்கிப் போவார்கள்.

நூறு வருடம் தாண்டிய எங்கள் பச்சைச் சட்டை கிளப் அந்த வருடம் விழுந்துவிடும்போல் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குப் பல மாதமாகச் சம்பளம் இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால் விளக்கு வெளிச்சத்து ஆட்டங்களெல்லாம் பிற்பகலுக்கு மாறின. மாதக் கடைசிக்குள் யாராவது கிளப்பை வாங்காவிட்டால் மைதானம் வங்கிக்குப் போகும், லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நாங்கள் உண்டியல் குலுக்கிப் பார்த்தோம். கைதான் வலித்தது. வாங்கிப் பார்க்கலாமா என்று வாய் திறந்த ஒரே ஆள், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்து விற்கிற ஒரு முதலாளி. அவரை நாங்கள் டேங்க் முதலாளி என்போம்.

அவர் ஆட்டம் பார்க்க வருவதாகச் சொன்ன வாரத்தில், கிளப் செயலாளர் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து பெரியம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"மேல பாருங்க," என்றாள் பெரியம்மா.

"ஐயோ அக்கா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒரு விஷயம் சொல்லணும்." செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "டேங்க் முதலாளி சின்ன வயசுல கோல்கீப்பரு. நம்ம மைதானத்துல ஒரு தடவ நின்னிருக்காரு."

"தெரியுமே. ரெண்டாம் பாதியில நாலு கோல்."

"அதேதான். அன்னிக்கு உங்க பக்கத்துலேருந்து அவர 'ஓட்டை வாளி'ன்னு கத்தியிருக்காங்க. அப்புறம் கூட்டமே சேர்ந்து கத்தியிருக்கு. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அவரு தொட்டிக் கம்பெனி ஆரம்பிச்சப்ப, போட்டிக் கம்பெனிக்காரன் கடை கடையா ஏறி, 'ஓட்டை வாளி செஞ்ச தொட்டியில தண்ணி நிக்குமா'ன்னு கேட்டானாம். மனுஷன் தலையெடுக்க வருஷக்கணக்காச்சு. இன்னும் மறக்கல."

பெரியம்மா சிரித்துவிட்டாள். செயலாளர் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"அந்த ஒரு நாள் மட்டும் சத்தம் போடாதீங்கக்கா. வாளின்னு சொல்லவே வேண்டாம். பக்கெட், குடம், செம்பு, எதுவுமே வேண்டாம். அவரு கோவிச்சுட்டுப் போயிட்டா கிளப்பும் போச்சு, என் வேலையும் போச்சு."

பெரியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக் குரலில், "சரி, நீ போ. கிளப்புக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். அவளுக்கு எந்த நம்பிக்கையையும் அரைகுறையாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஆட்டத்தன்று கழுத்துத் துண்டு அவிழவே இல்லை. மற்றவர்களையும் செயலாளர் எச்சரித்திருந்தார் போல, எங்கள் பக்கம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூட்ஸ் பந்தில் படுகிற சத்தம் கேட்டது. நடுவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கிளப் மூடிய பிறகு இந்த மைதானம் எப்படி இருக்குமோ, அதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியூர் கோல்கீப்பருக்கே பொறுக்கவில்லை. நாலைந்து தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பெரியம்மா துண்டைத் தொட்டுக் காட்டினாள். அவன் கவலையோடு போய், எங்கள் பையன்கள் அடித்த எல்லாவற்றையும் பிடித்தான். இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.

அப்போதுதான் டேங்க் முதலாளி மர இருக்கைகளிலிருந்து இறங்கி எங்கள் பக்கமாக நடந்து வந்தார். பின்னால் செயலாளர் பாதி ஓட்டமாக வந்தார். முதலாளி கோல்கம்பத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"இங்கேருந்துதான் கத்துனீங்க. எனக்குத் திரும்பிப் பாக்க தைரியம் வரல. அந்தப் பேர முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

செயலாளர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா சொல்லுங்க. ஒண்ணும் பண்ண மாட்டேன்." அந்தக் குரலைக் கேட்டால் ஒன்றும் பண்ணமாட்டார் என்று தோன்றவில்லை.

பெரியம்மா துண்டை அவிழ்த்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்த குரல், அந்தக் கோடி வாசல் வரைக்கும் போனது.

"நான்தான்."

"ஏன்?"

"நாலு கோல் விட்டா மாலையா போடுவாங்க, தம்பி?"

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாலும் என் தப்பா?" என்றார் முதலாளி. ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்கக் காத்திருந்தவர்போல.

"இல்ல. முதல் மூணுக்கும் உங்க ஆளுங்க தூங்கிட்டாங்க. வேற யாரு நின்னிருந்தாலும் அது உள்ளதான். நாலாவது உங்க தப்பு. அவன் உதைக்கிறதுக்கு முன்னாடியே இடது பக்கம் சாஞ்சிட்டீங்க."

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"இந்தக் கோல்ல சாயங்கால வெயில் முதுகுலதான் அடிக்கும். வேணும்னா நின்னு பாருங்க."

அவர் நின்றார். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், மைதானத்தைப் பார்த்து. அவருடைய நிழல் அவருக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் வெயில்னுதான் சொல்லிட்டிருக்கேன்," என்றார். சிரிக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

"முடிச்சிட்டீங்களேக்கா!" என்றார் செயலாளர். அழுகிறாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"மறைச்சு வச்சு விக்க இது என்ன பழைய ஸ்கூட்டரா? எதை வாங்குறோம்னு தெரிஞ்சே வாங்கட்டும். வாங்குவாரு, பாரு."

இரண்டாம் பாதியில் வெளியூர் கோல்கீப்பர் எதிர்க் கோடியில் இருந்தான். பெரியம்மாவின் குரல் முழு மைதானத்தையும் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டியது.

"தம்பீ! லேஸு!"

அவன் குனிந்து பார்த்தது நிஜம். அந்த நொடியில் எங்கள் கோல் விழுந்ததும் நிஜம். அந்தக் கோடியில் வெயில் நேராகக் கண்ணில்தான் அடிக்கும் என்பதால், காரணம் லேஸா வெயிலா என்று எங்கள் பக்கத்தில் இன்றும் வழக்கு நடக்கிறது. ஆட்டம் டிரா. முதலாளி அதற்குள்ளேயே காரில் ஏறிப் போயிருந்தார். அந்த வாரம் முழுக்க மற்ற ரசிகர்கள் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வழக்கம்போல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

மாதம் முடியுமுன் அவர் கையெழுத்துப் போட்டார். சம்பளம் வந்தது, விளக்கு எரிந்தது. செயலாளர் அதே நாற்காலியில் இருந்தார். மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் பெரிய தொட்டி ஒன்றின் விளம்பரப் பலகை முளைத்தது.

"உன் தொண்டைக்கு எதிரா தொட்டிய நிறுத்திட்டாரு," என்று பெரியப்பா ஓர் ஆட்டத்தன்று காலையில் சொன்னார். கரண்டி இந்தத் தடவை எட்டியது.

அந்த நாலு கோல் ஆட்டத்தை நேரில் பார்த்த சலூன்காரர் ஒருவர், போன மாதம் எனக்கு முடி வெட்டும்போது சொன்னார். பெரியம்மா அன்றைக்கு அங்கே நின்றது உண்மைதானாம். ஆனால் 'ஓட்டை வாளி' என்று முதலில் கத்தியது அவள் இல்லையாம். அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த, அந்தக் காலத்தில் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்த, இப்போதைய செயலாளர்தானாம்.