ஏகாம்பரத்தின் வண்டி பதினொன்று கொடுத்தது

பெட்ரோல் வேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு கண் ரோட்டில் இருக்கும், இன்னொரு கண் பெட்ரோல் முள்ளில் இருக்கும். எனக்கு இரண்டு கண்ணும் ஏகாம்பரத்தின் வண்டி மேல்தான் இருந்தது.

பழைய வண்டியை வாங்கிவிட்டு பெட்ரோல் பங்குக்கும் ஒர்க்‌ஷாப்புக்குமாக அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான் வேலையை விட்டுவிட்டு வேன் வாங்கினேன். ஒரு கம்பெனி கழித்துவிட்ட இரண்டு வேன்களில் ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றை ஏகாம்பரம் எடுத்தான். ஒரே வருஷத்து வண்டி, ஒரே கிரீம் கலர், நிறுத்துவதும் ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரே ஸ்டாண்டில். ஆனால் அவன் வண்டி லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தது, என் வண்டி ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. ஸ்டாண்டில் யார் வாயைத் திறந்தாலும் அவன் வண்டிப் பேச்சுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

வண்டி குடிக்கிற பெட்ரோலைப் பார்த்து என் மனைவி வசந்தா கெடு வைத்துவிட்டாள். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கட்டுப்படியாவலன்னா வண்டிய வித்துட்டு மறுபடியும் லேத்துக்கே போய்டு."

உயரமான வண்டி

ஒன்றில் மட்டும் நான் ஏகாம்பரத்தை மிஞ்சியிருந்தேன். மழைக்காலத்தில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் சவாரி போனால் பள்ளத்தில் வண்டியின் அடிவயிறு இடிக்கும். அதனால் நான் ஒரு சைஸ் பெரிய டயராகப் போட்டிருந்தேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஏகாம்பரமோ ஏதோ சின்னக் காரில் கழற்றிய சக்கரங்கள் மலிவாகக் கிடைத்ததென்று நாலையும் மாட்டியிருந்தான். அவன் வண்டி குந்தவைத்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவன் ஓட்டியது மாதச் சம்பளத்துக்கு ஸ்கூல் டிரிப், அதற்கு அது போதும். நான் ஸ்கூல் டிரிப்போடு கிலோமீட்டர் வாடகைக்கு வெளியூர்ச் சவாரியும் அடித்தேன்.

ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் செல்வி டீச்சர் என்று ஒருவர், திருநெல்வேலிக்காரர். திருவள்ளூர் கோயிலுக்குக் குடும்பத்தோடு என் வண்டியில் போய்வந்தார். இறங்கியதும் மீட்டரை எட்டிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லாம் நான் வளைவு ஒடிக்கிற லாகவம் என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். டீச்சர் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, உங்க வண்டில வந்தா திருவள்ளூரு கிட்டக்க வந்திருதே! போன தடவ வேற வண்டில கிலோமீட்டரு கூடல்லா ஆச்சு!"

பாச்சா உருண்டை

பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் வரத்தைக் குறைத்து வைத்தேன். ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன். மேலே இருந்த கேரியரைக்கூட இறக்கி வீட்டு மொட்டைமாடியில் போட்டேன், வசந்தா அதில் வடகம் காயவைத்தாள். மைலேஜ் ஒன்பதிலேயே நின்றது.

அந்தச் சமயத்தில் பட்டாபிராம் மளிகைக் கடையில் ஏகாம்பரம் ஒரு பொட்டலம் பாச்சா உருண்டை வாங்குவதைப் பார்த்துவிட்டேன். பெட்ரோல் டேங்கில் பாச்சா உருண்டை போட்டால் மைலேஜ் கூடும் என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. ஆகா, இதுதான் சங்கதி என்று நான் இரண்டு பொட்டலம் வாங்கி அப்படியே டேங்கில் கொட்டினேன். வண்டி இருமியது, பிறகு சளி பிடித்த மாதிரி நின்று நின்று போனது. டேங்கைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தான். அவன் வாங்கியதை நான் பார்த்ததைச் சொன்னேன். அவன் விழித்தான். "அது எங்க ஊட்ல பட்டுப்புடவைக்கு வாங்கினது அண்ணாத்தே. உன் இஞ்சின்ல பூச்சி கீச்சி பூந்துகினு கீதா?"

பாலத்து இறக்கம்

ரயில்வே மேம்பாலத்தில் ஏகாம்பரம் இறங்கும்போது அவன் வண்டியில் சத்தமே கேட்காது. இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தின் உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தேன். என்ன சுகம்! ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் போகிறோம் என்கிற நினைப்பே தனி போதை.

கீழே வந்து சாவியைத் திருப்பினால் வண்டி செத்துக் கிடந்தது. சங்கு ஊதுகிற நேரம். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, டிபன் கேரியரைச் சீட்டில் வைத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "நைனா, வாடகைய நாங்க உனுக்குத் தரணுமா, நீ எங்களுக்குத் தரணுமா?"

கை மாறியது

தீபாவளி நெருங்கியது. லேத் மேஸ்திரியை வசந்தா கடைத்தெருவில் பார்த்துப் பேசியும் விட்டாள். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஏகாம்பரத்திடம் போய், "வண்டிய மாத்திக்கலாமா?" என்றேன். அவன் நம்பவில்லை. என் வண்டி உயரம், பார்வைக்கு லட்சணம், வெளியூர்ச் சவாரிக்குத் தோது என்று நானே என் வண்டியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோலப் புகழ்ந்தேன். மேற்கொண்டு டேப்ரிக்கார்டரையும் தருகிறேன் என்றேன். "அப்பாலிக்கா பேச்சு மாறக்கூடாது அண்ணாத்தே" என்று ஒத்துக்கொண்டான். டயர் முதல் ஹாரன் வரை அப்படி அப்படியே மாற்றிக்கொண்டோம். ஆர்.சி. புக்கிலும் பேர் மாறியது.

பதினொன்று கொடுக்கிற வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். வசந்தா தேங்காய் உடைக்க வெளியே வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வண்டி அவ்ளோ நல்லா இருந்தா அந்த ஆளு இன்னாத்துக்குக் குடுத்தான்?"

தள்ளிப்போன திருவள்ளூர்

முதல் வாரம் கணக்குப் போட்டேன். பதினொன்று! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. அதே ஸ்கூல் டிரிப், அதே தெருக்கள், டேங்க் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் காலியானது. பெட்ரோல் பங்குக்காரன்தான் அளவில் கைவைக்கிறான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன்.

அயனம்பாக்கத்தில் தனக்கோட்டி என்று ஒரு பெரியவர். பரம்பரையாக அங்கேயே பயிர் வைத்த குடும்பம், இப்போது அரிசி மண்டியும் உண்டு. எப்போதும் என் வண்டிதான் கூப்பிடுவார். திருவள்ளூருக்குப் போய்த் திரும்பி, வாடகை சொல்ல மீட்டரைக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நெல்லு மூட்ட ஏத்திகினு மாட்டு வண்டில போன ரோடுப்பா இது. உன் புது வண்டில குந்துனா மட்டும் திருவள்ளூரு எப்பிடிறா தள்ளிப் போவுது?"

மைல்கல்

மறுநாள் காட்டுப்பாக்கம் தாண்டி நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். பத்துக் கல் கடந்தபோது மீட்டர் பன்னிரண்டைத் தொட்டிருந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கி அந்தக் குட்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றேன். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும். மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், தூரம் தெரியாது. என் பெரிய டயர் இதற்கு நேர் எதிர், அதிகத் தூரம் ஓடிவிட்டுக் குறைத்துக் காட்டியிருக்கிறது. உண்மைக் கணக்கில் நான் கொடுத்த வண்டி பத்து, வாங்கிய வண்டி ஒன்பது. லேத்தில் அத்தனை வருஷம் விட்டத்தையும் சுற்றையும் கட்டிக்கொண்டு அழுத எனக்கு இது தோன்றவில்லை. பக்கத்து வண்டி மேல் கண் வைத்தவன் சொந்தச் சக்கரத்தை எங்கே பார்த்தான்!

திருப்பிக் கேட்டுவிடலாம் என்று நேரே ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். என் வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். என் டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவனே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்தே, மீட்டர பாத்தா ஒம்போதுதான் வருது. ஆனா டேங்க்கு காலியாவ மாட்டேங்குது! இன்னா மாயம்னே தெர்ல. நீ தெய்வம் அண்ணாத்தே!"

இஞ்சின் மேல் சீட்டு

என் மீட்டர் அதிகமாக ஓடுகிற மீட்டர் என்று அயனம்பாக்கம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சரியான டயர் வாங்கி மாட்டியும் யாரும் நம்பவில்லை. செல்வி டீச்சர்கூட, கிலோமீட்டர் குறைவாக வருகிறதென்று ஏகாம்பரத்தைக் கூப்பிட ஆரம்பித்தார். தீபாவளி வந்தது, வண்டி போனது, நான் லேத்துக்குத் திரும்பினேன்.

பொங்கல் கழிந்து எங்கள் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன் அமர்த்தினார்கள். காலையில் நிறுத்தத்தில் நின்றேன். கிரீம் கலரில் நிமிர்ந்து வந்து நின்றது என் வண்டி. உள்ளே கூட்டம், டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மூடிமேல் மட்டும் இடம். ஏறி அதில் உட்காரப் போனேன். ஏகாம்பரம் தன் தோள் துண்டை மடித்து அதன்மேல் போட்டான். "சுடும் அண்ணாத்தே, பாத்துக் குந்து. உனுக்குத் தெரியாததா, உன் வண்டிதானே!"

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான் செய்த அத்தனை வேலையிலும் பலித்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியை ஏகாம்பரத்திடம் கொடுத்தேன்.