இப்போ கிளட்ச், இப்போ ஒரு நாய்

ஸ்டீயரிங் அடுத்தவர் கையில், உயிர் நம் கையில்: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உத்தியோகம் என்றால் இவ்வளவுதான். பெங்களூரில், அதுவும் ஆஸ்டின் டவுன் சந்துகளில், இதைச் செய்து வயிறு வளர்க்கிறவன் நான். பக்கத்து சீட்டில் எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. உங்களுக்கு அதுகூட இல்லை. மகன் ஓட்டும்போதும் மச்சான் ஓட்டும்போதும் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்திருப்பீர்களே, அந்த வேதனை தெரிந்த சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கையா, காலா?

தலை கிறுகிறுவென்று சுற்றுகிறதே என்று தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். பிரஷர் ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. "அப்படி என்ன யோசனை எப்பவும்?" என்றார். என்னத்தைச் சொல்ல? நேற்று சுவரில் உரசியவரை நினைப்பேன். நாளைக்கு உரசப் போகிறவரை நினைப்பேன். இன்றைக்கு வண்டியில் இருக்கிறவர் பாவம், அவரை நினைக்க எனக்கு நேரம் இருக்காது.

கூட வந்த என் மனைவி ஸ்டெல்லா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாதா திருவிழாவுக்குள் பிரஷர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இந்த வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு. அடுகோடி ஏரியாவில் அவள் தம்பி வைத்திருக்கும் ஆணிக் கடையில் போய் உட்கார வேண்டும். ஆணி நல்ல பொருள்தான், ஆனால் அது எங்கேயும் நகராது, சிரிக்காது. வண்டி முதல்முறை தன் பேச்சைக் கேட்டு நகர்ந்ததும் ஒரு ஆளின் முகத்தில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

"இன்னொரு தரம் பார்த்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். அவர் மறுபடி பட்டையைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். என் வலது கால் தரையைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னார்: "மாஸ்டர், முதல்ல காலை எடுங்க. அப்புறம்தான் நான் கையைப் பார்க்க முடியும்."

கோயிலில் ஒரு பிரேக்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு பெஞ்சில், மனசு ஆணிக் கடையில். முழங்கால் போடுகிற பலகை என் காலுக்கு நேராக மடக்கி வைத்திருந்தது. சாமியார் பிரசங்க மேடையில் ஏறித் தொண்டையைச் செருமவும், என் கால் அந்தப் பலகையை ஓங்கி மிதிக்கவும் சரியாக இருந்தது. 'டமார்' என்று கோயில் முழுக்க எதிரொலித்தது. முன் பெஞ்சில் இருந்த லாரன்ஸ் அண்ணன் மெல்லத் திரும்பிச் சொன்னார்: "பாவம், சாமியார் இப்பதான் வண்டியை எடுத்தாரு, அதுக்குள்ள பிரேக் போடுறீங்களே மாஸ்டர்."

பச்சை விழுந்த கதை

கார்த்திக் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் கற்றுக்கொள்ள வந்தான். அவனுக்கு எப்போதும் அடுத்த சிக்னல் கவலை. இந்தச் சிக்னலில் நிற்கும்போதே, "மாஸ்டர், அடுத்த சர்க்கிள்ல எந்த லேன்ல போகணும்? அங்க பஸ் குறுக்கே வந்தா என்ன பண்றது?" என்று தொளைத்தெடுப்பான். "அங்க போய்ப் பார்த்துக்கலாம்பா" என்று நான் பெரிய மனுஷன் தோரணையில் சொல்வேன். சொல்வது சுலபம்.

ஒரு நாள் காலை அப்படித்தான் சிவப்பில் நின்றோம். அவன் அடுத்த சர்க்கிளுக்குப் போய்விட்டான். நான் திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்குக்குப் போய்விட்டேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. யாரோ அவசரக்காரர் என்று இரண்டு பேருமே சும்மா இருந்துவிட்டோம். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் எங்கள் பக்கம் வந்து ஒட்டி நிறுத்தி, தலையை நீட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏன் குரு, பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் வந்தாச்சு. வண்டியை மட்டும் இங்க விட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போயிட்டீங்க?"

ரோஸ்லின் டீச்சரின் நாய்

அடுத்து வந்தவர்தான் ரோஸ்லின் டீச்சர். ஒக்கலிபுரத்தில் நர்சரிப் பிள்ளைகளுக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் அவர் ஓட்டக்கூடாது. வீட்டில் கார் தூசி படிந்து நிற்கிறது. அவரை உட்கார வைத்து லால்பாக்குக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை.

நர்சரி டீச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் பிள்ளைகளுக்காக அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார்கள். 'இப்போ கை கழுவுறோம், இப்போ டப்பா திறக்கிறோம்' என்று. டீச்சருக்கு அது காருக்குள்ளும் வந்தது. "இப்போ கிளட்ச் மிதிக்கிறோம். இப்போ ஃபர்ஸ்ட் கியர். இப்போ கண்ணாடி பார்க்கிறோம். இப்போ ஒரு நாய். நாய் போகட்டும். இப்போ நாம போறோம்." நான் சிரிப்பை அடக்க முடியாமல், "மனசுக்குள்ள சொல்லிக்கோங்க டீச்சர்" என்றேன். "மனசுக்குள்ள சொன்னா இந்த மனசு கடைத்தெருவுக்குப் போயிடும் மாஸ்டர்" என்றார். "எங்க பசங்களே தேவலை, சொன்ன இடத்துல உட்காரும்."

ஒரு நாள் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஒரு தண்ணி லாரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் ஆஃப் ஆனால் என் ஸ்டூடண்ட்டுகள் அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லி இன்னும் நாலு தடவை ஆஃப் பண்ணுவார்கள். டீச்சர் சாவியைத் திருப்பினார். "இப்போ ஸ்டார்ட் பண்றோம்" என்றார். ஒரு குலுக்கல், வண்டி ஏறிவிட்டது. பாலத்து உச்சியில், "கீழே ஆஃப் ஆச்சே, பயமா இல்லையா?" என்று கேட்டேன். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது போன ஆஃப்பு மாஸ்டர். இது புது ஸ்டார்ட்டு."

கொத்தமல்லி

ஒட்டுவாரொட்டி மாதிரி அந்தப் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது. காலையில் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை விழுங்கும்போது, 'இப்போ மாத்திரை' என்று முணுமுணுப்பேன். 'இப்போ ஷூ. இப்போ படி.' ஆச்சரியம் என்னவென்றால், படியில் இறங்கும்போது படியில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு சிவப்புச் செம்பருத்தி பூத்திருந்ததைப் பார்த்தேன். அது எப்போது வைத்த செடியோ, எனக்கு அன்றைக்குத்தான் பூத்தது.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தேன். 'இப்போ இட்லி. இப்போ சட்னி.' நாக்கில் ஒரு வாசனை சுள்ளென்று ஏறியது. "ஸ்டெல்லா, இன்னைக்குச் சட்னியில கொத்தமல்லி போட்டிருக்கியா? பிரமாதம்" என்றேன். அவள் கரண்டியோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சொன்னாள்: "கல்யாணமான நாள்லேர்ந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன். இப்பதான் வந்து சேர்ந்தீங்களா?"

மீசைக்காரர்

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் டீச்சருக்கு டெஸ்ட். டெஸ்டின்போது மாஸ்டருக்குக் காரில் இடம் கிடையாது. என் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். பெரிய மீசை, சிரிக்கிற ஜாடையே இல்லாத ஆள். மறுநாள் எனக்கு டாக்டரம்மாவிடம் செக்கப் வேறு. அங்கே என்ன சொல்வாரோ, இங்கே டீச்சர் என்ன ஆவாரோ என்று டெஸ்ட் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றேன். பிரேக்கும் கிடையாது, கோயில் பலகையும் கிடையாது.

ஏற்றத்தில் கார் ஆஃப் ஆயிற்று. என் கால் கிளம்பிவிட்டது. மிதிக்க வெறும் மண்தான் இருந்தது. 'இப்போ மண்' என்றேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'இப்போ வெயில். இப்போ டீக்கடை.' டீ ஒன்று வாங்கினேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. அதைக் குடித்து முடிக்கும்வரை நான் அதைத்தான் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கார் ஏற்றத்தைத் தாண்டி, ரிவர்ஸும் முடித்து, கோட்டுக்குள் அழகாக வந்து நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். டீச்சர் பாஸ் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்: "எல்லாம் சரி மாஸ்டர், 'இப்போ மீசைக்காரர் சிரிக்கிறார்'னு சொன்னாங்க. அதுவரைக்கும் நான் சிரிக்கவே இல்லை."

ஸ்டெல்லா

மறுநாள் டாக்டரம்மா முதலில் மேசைக்கு அடியில்தான் பார்த்தார். கால் சும்மா இருந்தது. பிறகு கையைப் பார்த்தார். பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்றார். ஆணிக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் ஸ்கூல் காரின் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீங்க, இப்போ எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றாள். இத்தனை நாள் அவள் கேட்காததற்குக் காரணம் என் கத்தல்தான் என்று எனக்குத் தெரியும். கிளட்ச், கியர், சாவி எல்லாம் சொன்னேன். வண்டி ஒரு தும்மல் போட்டு நகர்ந்தது. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது பாருங்கள், எத்தனையோ பேர் முகத்தில் பார்த்த அதே சிரிப்பு, என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து முனையில் ஒரு சைக்கிள் தென்பட்டது. வெகு தூரத்தில்தான். ஆனால் புத்தி போகுமா? என் கால் போய் பிரேக்கில் விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. ஸ்டெல்லா ஸ்டீயரிங்கை விடவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே, நர்சரி டீச்சர் குரலில் சொன்னாள்: "இப்போ புருஷன் பிரேக் போடுறார். போட்டுக்கட்டும். இப்போ காலை எடுக்கிறார். இப்போ நாம போறோம்."

பிரேக்குக்கும் என் காலுக்கும் நடுவே இருக்கும் அந்த விரற்கடை இடத்தில்தான் இப்போது என் நிம்மதி குடியிருக்கிறது. பெங்களூரில் அட்வான்ஸ் கேட்காத ஒரே இடம் அதுதான்.